வீட்டுக்கு வந்த பிறகு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் அறிவித்தபோது, ‘விலங்குலகில் தாய்ப்பாசம்’ என்று ஒன்று எழுதித் தரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். குறிப்புகள்கூட எடுத்தாகிவிட்டது. அதற்குள் என் வகுப்புத் தோழி ஒருத்தி, தன் மாமா வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னாள். “உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையாம். இன்னும் பத்து நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்” என்றபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. நானும் மகிழ்ச்சியோடு தலையாட்டினேன். ஆனால் அன்று மாலை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக நெஞ்சில் வந்து நின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தாய்ப்பாசம் அடுத்த ஆண்டு மலருக்கு இருக்கட்டும்.

என் தந்தை கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். என் தாய் அவரிடமே சித்தாளாக வேலை செய்து வந்தாள். ‘வீட்டிலும் அவர்தான் மேஸ்திரி, வெளியிலும் அவர்தான் மேஸ்திரி’ என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். அப்பா பூசிய சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அவருக்கிருந்த ஒரே கர்வம். அதிர்ந்து பேசாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவள் நான். அந்த ஆசையை என் மனத்தில் விதைத்தவர் அவர்தான்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. உடன் வேலை செய்பவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அப்பா வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னே வந்த வண்டி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அது எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. தலைக்கவசம் இல்லாமல் இருந்த அப்பாவுக்குத் தலை.

அன்றிரவு நடந்தவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிற 108 வண்டி அரை மணி நேரத்துக்குள் வந்தது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டிருந்தது. எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. நள்ளிரவிலேயே தலையைத் திறந்து, உறைந்திருந்த இரத்தத்தை எடுத்துவிட்டார்கள். மூளை வீங்கியிருந்ததால் மண்டையோட்டின் துண்டை உடனே திரும்ப மூடாமல், அதை அப்பாவின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு எடுத்துப் பொருத்துவதற்காக அப்படிப் பாதுகாப்பது உண்டாம். “தலை எலும்பு வயித்துல இருக்குதாம் பாப்பா” என்று அம்மா வந்து சொன்ன விதத்திலேயே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. பிறகு இருவரும் தொட்டுப் பார்த்தோம். இருந்தது.

அவருடைய கேஸ் ஷீட்டில் ‘ஜி.சி.எஸ். 7/15’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா, “பதினஞ்சுக்கு ஏழுன்னா பாஸா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பாஸ்தான் என்று சொல்லிவிட்டேன். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் வகுத்த அளவுகோல் அது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. எதற்கும் அசையாதவருக்கும் 3 மதிப்பெண் உண்டு. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். அன்று அது தெரியாமல் போனதும் நல்லதுதான்.

முப்பத்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் மாத்திரைகளின் பெயர், வேளை, தையல் பிரித்த தேதி, பதினைந்து நாள் கழித்து வந்து காட்ட வேண்டும் என்பது, எல்லாம் இருந்தன. தலையில் எலும்பில்லாத பக்கம் அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்களோடு வீட்டுக்கு வரப்போகிற மனிதர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. வாய்வார்த்தையாகவும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த மருத்துவரை நான் குறை கூறவில்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஊரே கூடி ஆரத்தி எடுத்தது. நடந்தே இறங்கினார். பேசினார். “மறுபிறவி” என்றார்கள். பதினைந்து நாட்கள் வரை வீடு திருவிழாவாக இருந்தது.

பிறகுதான் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து டிபன் காரியரைக் கேட்பார். இல்லையென்றால் கத்துவார். சாப்பிட்டுக் கை கழுவிய பத்து நிமிடத்தில், தனக்குச் சோறே போடவில்லை என்று தெருவில் நின்று சொல்வார். சிறு குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு கல்லை எடுப்பார். என் எதிரில் ஒருநாளும் கெட்ட வார்த்தை பேசியறியாதவர், என்னையே அந்த வார்த்தையால் அழைத்தார். மற்ற நேரங்களில் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். ‘வா’ என்றால் வருவார், ‘குளி’ என்றால் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு அப்படியே நிற்பார். அடுத்தது என்ன என்பது அவருக்குத் தோன்றாது. வலது கை மட்டும் கொஞ்சம் பலமிழந்திருந்தது. மற்றபடி பார்ப்பவர்களுக்கு நல்ல ஆள்.

அதுதான் எங்களுக்குப் பெரிய துன்பமாயிற்று. கால் போயிருந்தால் ஊர் இரங்கியிருக்கும். இங்கே ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காற்று கருப்பு என்றார் ஒருவர். வேலைக்குப் போகச் சோம்பல் என்றார் இன்னொருவர். பெண்டாட்டி சரியில்லை என்றும் சொன்னார்கள். கோடாங்கிக்கு ஒருமுறை, கோயிலில் கட்டிப்போடுவதற்கு ஒருமுறை என்று கடன் வாங்கிச் செலவழித்தோம். வேர் மருந்து கொடுத்த ஒருவர் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். ஐந்தாம் நாள் அப்பாவுக்கு வலிப்பு வந்தது. அதுவரை தினமும் கொடுத்துவந்த மாத்திரைகளில் ஒன்று வலிப்பைத் தடுப்பதற்கானது என்பதை, அன்று இரவு இரண்டாம் முறையாக வந்த 108 வண்டியில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இதைப் படிக்கும் நண்பர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறந்துவிட வேண்டாம். தலைக்காயம் பட்டவருக்கு வலிப்பு மாதங்கள் கழித்தும் வரக்கூடும். மாத்திரையை நிறுத்துவதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2023 தொடக்கத்தில் வயிற்றிலிருந்த எலும்பை எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். எலும்போடு பழைய அப்பாவும் திரும்பி வந்துவிடுவார் என்று அம்மா உள்ளூர நம்பியிருந்தாள் போலும். தலை உருண்டையாயிற்று, அவ்வளவுதான். நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினேன். ஆனால் கல்லூரியில் சேரவில்லை. அம்மா வேறொரு மேஸ்திரியிடம் சித்தாள் வேலைக்குப் போனாள். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஓர் ஆண்டு அப்படிப் போயிற்று.

அந்த ஆண்டின் ஓர் இரவை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றவை பொய்யாகிவிடும். அம்மா வேலைக்குப் போய்ச் சம்பாதித்த கூலியைக் கேட்டு அப்பா அவள் கையை முறுக்கினார். நான் இடையில் புகுந்து அவரைத் தள்ளிவிட்டேன். அவர் சுவரோரம் விழுந்தார். எழுப்பாமல் நின்றபடி, “அன்னிக்கே நீ போய்ச் சேர்ந்திருந்தா நாங்க அழுது முடிச்சிருப்போம்” என்று கத்தினேன். அம்மா என் வாயில் அடித்தாள். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “மோர் இருக்குதா?” என்று கேட்டார். நான் சொன்னது அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் நினைவிருக்கவில்லை. எனக்கு அந்த வசதி இல்லை.

எங்களுக்கு முதல் உதவி தேடிப்போய்க் கிடைத்ததல்ல; பக்கத்து வீட்டுக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பக்கவாதத்தால் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இயன்முறை மருத்துவர் வருவார். இளம்பெண். எங்கள் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்ததை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, ஒருநாள் தாமாகவே வந்து தலைத் தழும்பைக் காட்டச் சொன்னார். நான் ஒரு மணி நேரம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நெற்றியைத் தொட்டுக் காட்டி, “இந்த இடத்துல இருக்கிற மூளைதாம்மா வண்டிக்கு பிரேக் மாதிரி. கோபம் எல்லாருக்கும்தான் வருது, நாம அடக்கிக்கிறோம். அப்பாவுக்கு அந்த பிரேக் அடிபட்டிருக்கு. அவரா வேணும்னு செய்யல” என்றார்.

மாலையில் இதை அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ என்மேல வெறுப்பு இல்லையா அவருக்கு?” என்று கேட்டாள். பத்து மாதங்களாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! விபத்தன்று காலை ஏதோ சிறு சண்டையாம். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் இப்படி நடக்கிறார் என்று. அந்த ஒரு வாக்கியத்தை முப்பத்து நான்காம் நாளே எங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தவை எளியவை. மூளைக்காயம் பட்டவருக்குச் சீக்கிரம் களைப்பு வரும். களைத்தால் கோபம் வரும். ஆகவே சத்தத்தைக் குறை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசு, ஒன்றுக்கு மேல் சொல்லாதே. எந்தப் பொருளும் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். எந்த வேலையும் அதே வரிசையில் நடக்கட்டும். குளிப்பது நமக்கு ஒரு வேலை. அவருக்கு அது ஒன்பது வேலை. அந்த ஒன்பதையும் தனித்தனியாக எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். அப்பாவுக்குப் படிப்பு ஓடாது என்றதும், “படம் போடு” என்றார். விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் நான் படம் வரைவதைப் பார்த்து இன்று தோழிகள் மெச்சுகிறார்கள். அந்தக் கை பழகியது தவளையிலும் கரப்பான்பூச்சியிலும் அல்ல. செம்பு, சோப்பு, துண்டு, சட்டைப் பொத்தான் இவற்றை வரைந்துதான்.

வலது கைக்குக் களிமண் பிசையச் சொன்னார். கொத்தனாருக்கா சொல்லித்தர வேண்டும்? மூன்றாம் நாள் அப்பா அந்த மண்ணில் சிறிய செங்கற்கள் அறுத்துத் திண்ணையில் காயவைத்திருந்தார்.

இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கென்றே பெரிய மருத்துவமனைகளில் தனித் துறை உண்டு என்பதையும், சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். எங்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள வேலூரில், பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் நடக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர். இந்த வரலாற்றை நான் அம்மாவுக்குச் சொன்னபோது, எல்லாரும் வியக்கும் இடத்தில் அவள் வியக்கவில்லை. “அந்த அம்மாவைத் தினம் யார் தூக்கி உட்கார வெச்சாங்க?” என்று கேட்டாள். புத்தகங்களில் அந்த ஆளைத் தேட வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெற எங்களால் முடியவில்லை. அம்மா ஒருநாள் தங்கினால் ஒருநாள் கூலி போகும். சிகிச்சை இலவசமாகக் கிடைக்கலாம்; கூட இருப்பவளின் கூலியை யார் கொடுப்பது?

2024இல் நம் கல்லூரியில் சேர்ந்தேன். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயில் பாதி அப்பாவின் போக்குவரத்துக்குப் போகிறது. முதலாண்டில் ஒருநாள் பேராசிரியை நரம்பு மண்டலம் நடத்தும்போது ஃபினியாஸ் கேஜ் என்பவரைப் பற்றிச் சொன்னார். 1848 செப்டம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதை போடும் இடத்தில் வெடிமருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள கடப்பாரை போன்ற ஒரு கம்பி அவருடைய கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர், கண்டபடி பேசுகிறவராக, எதையும் திட்டமிட்டு முடிக்க இயலாதவராக மாறினார். வகுப்பே ‘ஐயோ’ என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி என்ற சொல்தான் காரணம்.

பேராசிரியை என்னைத் துறை அறைக்கு அழைத்துப்போய்த் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். முழுவதும் கேட்டார். பாடப்புத்தகங்கள் கேஜின் கதையை நடுவில் நிறுத்திவிடுகின்றன என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. கேஜ் பிறகு தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். 1860 வரை உயிரோடிருந்தார். நாள்தோறும் அதே வண்டி, அதே பாதை, அதே நேரம் என்ற ஒழுங்கு அவரைத் தேற்றியிருக்கக்கூடும் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்களாம். எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் என் நினைவுக்கு வந்தன.

அந்தப் பேராசிரியைதான் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு என்னை அனுப்பினார். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி அங்கே உண்டு. இடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் நட்ட ஈடு உண்டு என்பதே எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய். வண்டி எண் இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது என்று எங்களிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்! தாமதத்துக்குக் காரணம் எழுதி விண்ணப்பித்து, பல நடை நடந்து, அந்தத் தொகை வந்தது. அடகு வைத்த அம்மாவின் கம்மலை மீட்டோம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் இன்னும் எட்டவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. விபத்தால் வந்த மூளைக்காயம் என்று அதில் தனியாக ஒன்று இல்லை. கையின் பலவீனத்தைக் காட்டலாம். மறதியையும் கோபத்தையும் எங்கே காட்டுவது? முகாமில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பெயர் என்ன என்றார்கள், சொன்னார். ஊர், தொழில், மகள் என்ன படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். “நல்லாத்தானே இருக்காரு!” என்றார்கள். கைக்கு மட்டும் 30 சதவீதம் போட்டார்கள். சலுகைகளுக்கு 40 வேண்டும். அவர் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னதற்காக நானும் அம்மாவும் வாடிப்போய் வெளியே வந்தோம். அப்பா நன்றாகப் பேசினால் வருந்துகிற நிலையும் ஒரு குடும்பத்துக்கு வருமா?

மனநோய்ப் பிரிவில் காட்டி மதிப்பிடச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “என் புருஷனைப் பைத்தியம்னு எழுதி வாங்கி அந்தச் சோறு நான் திங்கணுமா?” என்றாள். நான் படித்தவள், அது அப்படியல்ல என்று விளக்க எனக்குத் தெரியும். விளக்கவும் செய்தேன். ஆனால் இந்தத் தெருவில், நாளைக்கு எனக்கு வரன் பார்க்கும்போது அந்தச் சொல் எப்படித் திரும்பி வரும் என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும். நினைவாற்றலையும் கவனத்தையும் சோதனை செய்து மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நடந்துகொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அம்மாவை நிமிர்த்தியது ஆஸ்பத்திரித் தாழ்வாரம். மூளை அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் வந்து காட்டுவதற்கு எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. சீட்டு வாங்கிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அங்கே ஓர் அக்காவைப் பார்த்தோம். அவருடைய மகனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக அடிபட்டவன். அப்பா சத்தம் போடத் தொடங்கியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா மட்டும் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என்னிடம் நீட்டி, “பசி வந்தா இவனும் இப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே ஜாஸ்தியாவுது? நாலரைக்கே எதையாவது குடுத்துப் படுக்க வெச்சிடுங்க” என்றார்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத மருந்து அது. அன்றே செய்தோம். மாலைக் கூச்சல் பாதியாகக் குறைந்தது.

அந்த அக்கா பிறகு அம்மாவைத் தனியே அழைத்துப்போய் என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. விபத்து நடந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்கடுத்த செவ்வாய்களில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்த ஒருவரின் மனைவி. பனைமரத்திலிருந்து விழுந்தவரின் தங்கை. கல்யாணமான நான்காம் மாதம் கணவன் இப்படியாகிவிட்ட, என்னைவிட இரண்டே வயது மூத்த ஒருத்தி. பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பதால், ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாருடைய ஊரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைக்கும் வேலை எனக்கு வந்தது. எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை, என்ன தாள் கொண்டுபோக வேண்டும், எத்தனை நகல், எந்தப் பஸ், எல்லாம் அந்த நோட்டில் ஏறின. ஒருவருக்கு அவசரமென்றால் இன்னொருவர் அரைநாள் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதும் இரண்டு முறை நடந்திருக்கிறது. அந்த அரைநாளில் ஒருத்தி என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? தாய்வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தாள்.

மேல்நாட்டிலும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், மேரிலின் பிரைஸ் ஸ்பிவாக் என்பவர், விபத்தில் மூளை அடிபட்ட தம் மகளுக்கு வழிதேடி அலைந்து சலித்த பிறகு, கணவரோடு சேர்ந்து 1980இல் தேசியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்னே, 1979இல், இங்கிலாந்தில் ‘ஹெட்வே’ என்ற அமைப்பு தோன்றியது. இரண்டும் இன்று நாடு முழுவதும் பரவிய பெரிய நிறுவனங்கள். செவ்வாய்க்கிழமைத் தாழ்வாரத்தில் இதை நான் சொன்னபோது அந்த அக்கா, “அவங்களுக்கு உட்கார பெஞ்சு இருந்திருக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். தீபாவளி விடுமுறையில் அம்மா பழைய செங்கல் முப்பது வாங்கி வந்து கொல்லையில் போட்டு, கோழிக்கூட்டுக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்றாள். நான் வரிசையாகப் படம் போட்டேன்: தண்ணீர், மணல், சிமெண்டு, கரணை, நூல். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. மூன்று வரி கட்டினார். நான்காம் வரியில் களைப்பு வந்து, கரணையைக் கலவையிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா கரணையைக் கழுவி எடுத்துவைத்தாள். பிறகு அவருடைய தூக்குக்குண்டைப் பரணிலிருந்து எடுத்து வந்து அந்தச் சுவரில் விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. குண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, “அவர்கிட்ட சொல்லாதே” என்றாள். கோழிகள் அதற்குள் மேலே ஏறிவிட்டிருந்தன.

என் தோழியின் மாமாவை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போவதாக இருக்கிறேன். நோட்டை எடுத்துப் பையில் வைத்தாகிவிட்டது. அம்மாவும் வருகிறாள், அதற்காக அந்த அக்கா காலையிலேயே வந்து அப்பாவோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் நான் என்ன சொல்ல வேண்டும், மாமாவின் மனைவி எப்படி எடுத்துக்கொள்வார் என்றெல்லாம் இரண்டு நாளாக அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று இரவு அவள், “நீ அந்தப் பொண்ணோட போய்ப் பேசிக்கிட்டிரு. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.